இறங்காத கோடு

முப்பத்தெட்டாவது எலியின் குடலும் கைவிட்டுவிட்டது.

விரற்கடை அளவு குடல் துண்டை நூலில் கட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிடுவேன். இறுக்கும் மருந்தை விட்டதும் அது சுருங்கும், திரையில் கோடு ஏறும். பிறகு வயிற்றுப் பிடிப்புக்கான தழையின் சாற்றை விட்டால் தசை தளர்ந்து கோடு இறங்க வேண்டும். பதினான்கு வாரமாக ஏறிய கோடு ஏறியபடியே நிற்கிறது. ஜூனோடு என் முனைவர் பட்டத்துக்கான கெடு முடிகிறது. பட்டம் இல்லையென்றால் விரிவுரையாளர் வேலையும் போய்விடும். நாற்பத்தொரு வயதில் வேறு எந்த வேலைக்கு அலைவது? எனக்கு அலுத்துவிட்டது.

அன்று எனக்கு மாதவிலக்கு வேறு. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழக வாசலுக்கு வந்தேன். ஜமு என்ற மூலிகைச் சாறு விற்கும் துகினெமை நாங்கள் யூ, அதாவது அக்கா, என்போம். அவள் முதுகுக்கூடையை இறக்கி, என் முகத்தைப் பார்த்ததுமே ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் வயிற்றுப் பிடிப்பு தளர்ந்தது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், ஆத்திரம்தான் வந்தது. அதே தழை எலியிடம் மட்டும் ஏன் மக்கர் செய்கிறது?

கூடையில் கிடந்த கொத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இலையின் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. எங்கள் ஆய்வகத்துக்கு அவளிடம் வாங்குவதில் பூனை மயிர் போலச் சுணை இருக்கும்; என் நெறியாளர் பாக் சூர்யதர்மா தேர்ந்தெடுத்தது அது.

"யூ, நீங்க எங்களுக்குக் குடுக்குறது இது இல்லையே?"

"இல்லீங்க, இபு," என்றாள், அம்மா என்பதுபோல மரியாதையாக. "உங்களுக்குக் குடுக்குறது பாக் கேட்ட தழை. ஜமுவுக்குப் போடுறது இது."

"பாக் கொத்தைக் காட்டி, 'வயித்துப் பிடிப்புக்கு இதைத்தானே போடுறீங்க'ன்னு கேட்டப்போ ஆமான்னு தலையாட்டினீங்களே!"

"எவ்ளோ பெரிய மனுஷர்! வெயில்ல என் முன்னாடி குனிஞ்சு நின்னு கேக்குறார். மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல முடியுமா? நீங்க சொல்லிடுவீங்களா?"

"முப்பத்தெட்டு எலி செத்துப்போச்சு, யூ."

"அடப் பாவமே. அதுங்களுக்கும் என்கிட்ட ஒரு வாய் வாங்கி ஊத்தியிருக்கலாம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் இன்றே தொடங்கினால் ஐந்து வாரத்தில் முடித்துவிடலாம். பாக் சூர்யதர்மா தழையை மாற்றச் சம்மதித்துக் கையெழுத்திட்டால் போதும். வழவழப்பான கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். ஒவ்வொரு படியிலும் சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

பாக் உற்சாகமாக இருந்தார். தன் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றினார்.

"இபு வுர்யானி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். கோடு இறங்கலைங்கிறதும் ஒரு முடிவுதான். இந்த ஜமுக்காரங்க சொல்றதுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதி முடிச்சிடுங்க. ஜூன்ல பட்டம் வாங்கிடலாம்."

நான் பையைத் திறந்தேன்.

"தழை விஷயத்துல யாரும் நம்மளைக் கேள்வி கேக்க முடியாது. நானே பார்த்து எடுத்தது. சரிதானே?"

அவர் சிரித்த முகமாகக் காத்திருந்தார். மடியில் இருந்த பைக்குள் என் விரல்கள் கொத்தைப் பிடித்திருந்தன.

"ஆமாங்க, பாக்," என்றேன். தலையும் தானாகவே ஆடியது.

மறுநாள் வாசலில் யூ துகினெம் என்னைக் கண்டதும் குவளையைக் கழுவினாள்.

"பாக்கிட்ட சொல்லிட்டீங்களா, இபு?"

"சொல்லிட்டேன், யூ."

"என்ன சொன்னார்?"

"மாத்திக்கலாம்னார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க, இபு. ஆமாங்க," என்று புன்னகையோடு தலையாட்டினாள். அன்று கொத்தைக் காட்டிக் கேட்ட பாக்கிடம் ஆட்டியது போலவே ஆட்டினாள். பிறகு குவளை நிறைய ஊற்றி என்னிடம் நீட்டினாள்.