பாவின் மறுமுனை

என் கால் சும்மா நிற்காது. சாப்பிடும்போதும் ஆடும், சினிமாக் கொட்டகையிலும் ஆடும். அந்தக் கும்பிடுபூச்சி ஆரணிக்குள் வந்த தொண்ணூற்றேழாம் வருஷத்தில் இதைவிடக் கெட்ட பழக்கம் ஒருவனுக்கு இருக்க முடியாது.

பூச்சி லாரி உயரம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, படவேட்டில் மாடுகளைத் தின்றுவிட்டு எங்கள் தெருக்களுக்கு வந்தது. அசைகிறதை மட்டும்தான் பிடிக்கும். அதனால் நகராட்சிச் சங்கு ஊதியதும் ஊரே சிலையாக நிற்கப் பழகிவிட்டது, என்னைத் தவிர.

அதற்காக, தறிக்குப் போகும் நீள நூல்களான பட்டுப் பாவை வீட்டுக்குள் நீட்ட முடியுமா? தெருவில்தான் நீட்டியாக வேண்டும். அன்று காலை ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறுமுனையை என் மனைவி உண்ணாமலை.

“இன்னாய்யா, கால ஆட்டிகினே இருக்கிற? பாவு ஆடுது பாரு!”

“உன் வேலயப் பாரு” என்றேன் எரிச்சலாக.

சங்கு ஊதவே இல்லை. பூச்சி சந்திலிருந்து வந்து, பாவு கால்களுக்கிடையே போக, எங்களுக்கு நடுவே நின்றது. அதன் முதுகு அவள் பக்கம், தலை என் பக்கம். அந்த உடம்புக்குப் பின்னால் அவளைக் காணவே முடியவில்லை. என் கால் இன்னும் வேகமாக ஆடியது. பல்லைக் கடித்தும் அடங்கவில்லை. நடுக்கம் கைக்கு ஏறி, பாவு முழுக்க ஓடியது.

பாவு பிடிக்கும்போது நாங்கள் நூலைச் சுண்டியே பேசிக்கொள்வோம். இரண்டு சுண்டு என்றால், நான் விடப்போகிறேன். ஒரு சுண்டு என்றால், விடாதே, பிடி.

இரண்டு முறை சுண்டினேன். போட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவளைப் பற்றி நினைக்கவில்லை.

ஒரு சுண்டு வந்தது.

பதினோரு வருஷமாக அந்த ஒரு சுண்டுக்குக் கட்டுப்பட்ட கை அன்றும் கட்டுப்பட்டது. பாவு விறைப்பாகவே இருந்தது. அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

பூச்சி முன்காலைத் தூக்கியது. அப்போது தெருக்கோடியில் கைதட்டும் சத்தம்.

“இங்க வா பூச்சி! இங்க பாரு, இங்க!”

உண்ணாமலையின் குரல். பூச்சி சட்டென்று திரும்பிப் பாய்ந்தது. அது விலகியதும் மறுமுனை தெரிந்தது. பாவுக் கயிற்றைக் கரண்ட் கம்பத்தில் மாட்டியிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைகளை வீசி, என்னைவிட்டுத் தூரமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு கல்லை எறிந்திருக்கலாம். அவள் பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால்கூட அது என் பக்கம் திரும்பியிருக்கும். நான் பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குரல் நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.