ஒன்றரைச் சுற்று

மூன்றாவது முறையாகக் கார்புரேட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். சாப்பாட்டு மேசைதான். ஒரே ஒரு தட்டு வைக்க ஆறு பேர் உட்காரும் மேசை எதற்கு? மிச்ச இடத்தில் ஜெட், மிதவை, ஊசி வால்வு எல்லாம் பழந்துணிமேல் வரிசையாகக் கிடந்தன. வீடு முழுக்கப் பெட்ரோல் வாடை. முகம் சுளிக்கத்தான் ஆளில்லை.

கார் என்னைவிடப் பத்து வயது சின்னது, ஆனாலும் கிழம்தான். ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் சும்மா நிற்கும்போது இன்ஜின் சத்தம் சோனியாக இருக்கிறது. ஒரு காலத்தில் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் இலை போடலாம், அப்படி உறுமும். இப்போது வாய்க்குள்ளேயே முனகுகிறது.

என் மகளும் அப்படித்தான் ஆகிவிட்டாள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்வாள். ஒன்பதே முக்காலுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். முன்பு மணிக்கணக்கில் பேசியவள், இப்போது வார்த்தையை மென்று முழுங்குகிறாள். சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பாள், வேறென்ன கேட்கப் போகிறாள்? "ஆச்சும்மா" என்பேன். மறுபடி ஏதோ முணுமுணுப்பாள். "இருக்கட்டும்மா, நீ உன் வேலையைப் பாரு" என்பேன். நான்கு நிமிடம், முடிந்தது. அம்மா போனதோடு அப்பனையும் கை கழுவிவிட்டாள். எனக்கு வலிக்கிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அதற்காகத்தான் கார். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப்போய் அவள் வாசலில் நிறுத்தி, "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று நேருக்கு நேர் கேட்க வேண்டும். பஸ்ஸில் போய்ப் பையோடு இறங்கினால் தங்க வந்துவிட்டேன் என்று நினைப்பாள். கார் என்றால் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடலாம். ஆனால் இந்த முனகலை நம்பி எப்படிக் கிளம்புவது?

மிதவையைக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். ஒன்றும் கேட்கவில்லை, சரி. ஜெட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன், ஓட்டை சுத்தம். ஊசி வால்வை ஊதிப் பார்த்தேன், காற்று கசியவில்லை. ஆனால் பிளக் நான்கும் கரி பிடித்திருந்தன. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். கலவைத் திருகு ஒன்றரைச் சுற்று திறந்திருக்க வேண்டும், மூன்றரையில் நிற்கிறது. சத்தம் போதவில்லையே என்று வாரம் கால் சுற்றாகத் திறந்தது நான்தான்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் சத்தத்தைக் கேட்டுத் திருக. மடியில் பத்திரிகையை வைத்துப் படித்துக்கொண்டே என் மனைவி மிதிப்பாள். அவள் போய் இரண்டு வருடமாகப் பெடல்மேல் ஒரு செங்கல். செங்கல், "போதுமா? கால் வலிக்குது" என்று கேட்காது.

கார்புரேட்டரை மறுபடி பூட்டி முடித்தபோது மச்சினன் வந்து நின்றான். மனைவியின் தம்பி. ஒரு வருடமாக எட்டிப் பார்க்காதவன், வாயைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும் தொண்டை.

"என்னப்பா, வழி தெரியாம வந்துட்டியா?"

"உங்க பொண்ணுதான் அனுப்பினா அத்தான். நீங்க என்னமோ மாதிரி பேசறீங்களாம். பயப்படறா."

"அவளுக்கு என்ன பயம்! வந்ததுதான் வந்தே, உள்ளே உக்காந்து மிதி."

செங்கல்லை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து மிதித்தான். இன்ஜின் முனகியது.

"இன்னும் மிதி!"

வாயை அசைத்து ஏதோ சொன்னான்.

"மிதிடான்னா!"

எதிர் வீட்டு அம்மா ஜன்னலைப் படாரென்று சாத்துவதைப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் செய்தேன். மச்சினன் காலை எடுத்துவிட்டு இறங்கி வந்து என் காதருகே கத்தினான். "வண்டி இந்த அலறு அலறுது, இன்னும் மிதிங்கறீங்களே!"

"உனக்கென்ன தெரியும் இன்ஜினைப் பத்தி?"

அவன் மூக்கை உடைக்கத்தான் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். வைத்தேன். மண்டைக்குள் ஒரே உறுமல். நாலு சிலிண்டரும் ஒன்றுகூடத் தவறாமல் அடித்தன. பிடியை எடுத்தேன், முனகல். வைத்தேன், உறுமல். முப்பத்தெட்டு வருடம் நூற்பாலை இரைச்சலில் நின்ற காது. கார்புரேட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, திருகை முழுக்க மூடி, எண்ணி ஒன்றரைச் சுற்று திறந்தேன்.

"அத்தான், போன் அடிக்குது" என்றான் மச்சினன். நாற்காலியில் தொங்கிய சட்டைப்பையில் இருந்தது. இன்று ஞாயிறு என்பதையே வேலையில் மறந்திருந்தேன், பத்து மணி ஆகிவிட்டிருந்தது. அவனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் முன் நீட்டினான். அதே முணுமுணுப்பு. "ஆச்சு" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"என்ன சொல்றா?"

"கேக்கலையா?"

"கேக்கலைப்பா." சொல்லும்போது வெட்கமாக இருந்தது. "நீ சொல்லு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு உரக்கச் சொன்னான். "'நான் அங்கே வந்துரட்டுமாப்பா'ங்கறா. வாரா வாரம் இதைத்தான் கேக்கறாளாம். நீங்க 'ஆச்சு, உன் வேலையைப் பாரு'ன்னு வெச்சுடறீங்களாம்."

இரண்டு வருடம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் பார்க்கத் துணிவில்லை.

"இன்னொரு வாட்டி கேக்கச் சொல்லுப்பா" என்றேன்.

அவன் சொன்னான். அவள் கேட்டாள். போனைப் பிடித்திருந்த அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"வாம்மா! வந்துரு!"

மச்சினன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னப்பா, என்ன சொல்றா?"

"'ஏம்ப்பா கத்தறீங்க, எனக்கு நல்லாக் காது கேக்குது'ங்கறா."