வட்டம் விழுந்த ஸ்டூல்

தொழிலாளர் துறை இணை ஆணையர் ஜோதிமணிக்கு ஒரு சந்தேகம் வந்துட்டா அன்னைக்குச் சோறு இறங்காது. பாலசமுத்திரத்துக்காரம்மா. உதவி ஆய்வாளரா நுழைஞ்சு இருபத்தெட்டு வருசத்துல இம்புட்டு உயரத்துக்கு வந்ததே இந்தக் குடைச்சலாலதான். கூடுதல் ஆணையர் பதவிக்கு அவர் பேர் மேலே போயிருக்கிற நேரத்துலயா அந்த மொட்டைக் கடுதாசி வரணும்?

'காலு வீங்கிக் கெடக்கு. கடையில உட்கார இடமில்லை' என்று கொடைக்கானல் பஜாரிலிருந்து யாரோ எழுதியிருந்தாங்க. நின்னு வேலை பார்க்கிறவங்களுக்கு இருக்கை கொடுக்கணும்னு சட்டமே இருக்கு. ஆய்வாளர் கோகுல் மூணு வருசமா வருசத்துக்கொரு தடவை போய்ப் பார்த்து, எல்லாக் கடையிலும் இருக்கை உண்டுன்னு அறிக்கை கொடுத்திருந்தார். மூணையும் சரின்னு ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டது ஜோதிமணி. கோகுல் பொய் எழுதற ஆளில்லை. கடுதாசியும் பொய் மாதிரி தெரியலை. ரெண்டும் எப்படி நிசமாகும்? கோகுலைக் கூட்டிக்கிட்டு வெள்ளனே மலையேறிட்டார்.

முதல்ல முகம்மது இஸ்மாயிலோட சாக்லேட் கடை. கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு ஸ்டூல், அதுமேல சூடான பாத்திரம் வச்சு எடுத்த வட்டத் தழும்பு. விற்பனைக்கு நிக்கிற சிவபாக்கியம் அதை ஒட்டி நின்னுக்கிட்டிருந்தாங்க. அடுத்தது தைலக் கடை. அங்கேயும் சிவப்பு ஸ்டூல், அங்கேயும் வட்டம். மூணாவது கம்பளிக் கடையில முதலாளிக்கு மேல்மூச்சு வாங்குது. ஸ்டூல் அதே வட்டத்தோட நிக்குது.

அட கெட்டிக்காரங்களா! அந்த வரிசையில இருக்கிற அஞ்சு கடைக்கும் பின்னால ஒரே சந்து. ஜீப்பைக் கண்டதும் அந்த ஒத்தை ஸ்டூல் சந்து வழியா முன்னால ஓடியிருக்கு. மூணு வருசமா கோகுல் அதையேதான் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கார். பாவம், மனுசன் முகம் செத்துப்போச்சு.

ஜோதிமணிக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நைசா அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்து, ஒரு டீ சொல்லச் சொன்னார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நாலாவது கடைக்காரர் பின்வாசல்ல வந்து எட்டிப் பார்த்தார். அஞ்சாவது கடைக்காரரும் பார்த்தார். விசயம் புரிஞ்சு ஆளாளுக்கு ஸ்டூல் வாங்க ஓடினாங்க.

அந்த நேரத்துல அவர் அறிக்கையை எழுதி முடிச்சார். கடைகள் ஐந்து, இருக்கை ஒன்று. முந்தைய அறிக்கைகளைச் சரி என்று ஏற்றது என் பிழை. கோகுல் பதறிட்டார். பதவி உயர்வு நேரத்துல இது எதுக்கு மேடம், இப்ப எல்லாக் கடைக்கும் ஸ்டூல் வந்துருச்சே, அதை மட்டும் எழுதினாப் போதாதான்னு கேட்டார். ஜோதிமணி கையெழுத்துப் போடாம பேனாவை மூடிட்டு, முதல் கடைக்குத் திரும்பி நடந்தார்.

அங்கே ஒரு புது ஸ்டூல் இருந்துச்சு, பாலித்தீன் உறைகூடப் பிரிக்கலை. சிவபாக்கியம் இப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. வீங்கின பாதம் செருப்புக்குள்ள அடங்கலை.

"உட்காருங்கம்மா."

சிவபாக்கியம் முதலாளியைப் பார்த்தாங்க. இஸ்மாயில் வந்து உறையைத் தானே கிழிச்சுப் போட்டார். சிவபாக்கியம் விளிம்புல மெதுவா உட்கார்ந்து, ஜோதிமணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாங்க.

"நீங்க போன பெறகும் இது இருக்குமாங்க?"

ஜோதிமணி அறிக்கையைக் கல்லா மேல விரிச்சு, ஒரு எழுத்தும் மாத்தாம கையெழுத்துப் போட்டார்.