வெண்ணெய் இல்லாத செய்திமடல்

1.

இந்தக் கதை எனக்கு மின்னஞ்சலில் வந்தது. தலைப்பு வரி: "இன்னும் இருக்கிறீர்களா?"

அனுப்பியவள் லூடிவினா. பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் எங்கள் தெருமுனையில் பட்டர்ஸ்காட்ச் கட்டிகளும் மொறுமொறு ரொட்டியும் சுட்டு விற்பவள். வாரம் ஒரு செய்திமடல் அனுப்புவாள். "இன்னும் இருக்கிறீர்களா" என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. பயந்துபோய் எலுமிச்சை சாதம் கிளறி எடுத்துக்கொண்டு அவள் கடைக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்பதுதான் கதை.

ஒரே கடிதத்துக்கு இரண்டு தலைப்பு வைத்து, ஆளுக்கொன்றாகப் பாதிப் பாதிப் பேருக்கு அனுப்பி, எது எடுபடுகிறது என்று பார்க்கவேண்டுமாம். அன்செல்மோவின் உபதேசம். (அன்செல்மோ யார் என்று கேட்காதீர்கள், வருகிறான்.) நானும் இரண்டு தொடக்கம் வைக்கிறேன்.

அ: செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டு போட்டுவிடும் ஊரில், லூடிவினா மட்டும் பாட்டில்லாமல் மாவு சலித்துக்கொண்டிருந்தாள், ஜன்னல் வழியே கடல் — (வேண்டாம். அவள் ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுத் துணிக்கொடி.)

ஆ: லூடிவினாவின் கடிதங்களை யாரும் திறப்பதில்லை.

ஆ தான் ஜெயிக்கும். அடுத்தவர் கஷ்டம் என்றால் வாசகருக்குக் கை தானாகப் போகும்.

2.

லூடிவினாவின் கடிதங்களை யாரும் திறப்பதில்லை. யாரும் என்றால் மெர்லிண்டா.

கடையைத் தொடங்கியது இருவரும் சேர்ந்து. பட்டர்ஸ்காட்ச் பக்குவம் மெர்லிண்டாவுடையது, வாய் லூடிவினாவுடையது. ஒருநாள் பெயர்ப்பலகை எழுத வந்தவன் என்ன பெயர் என்று கேட்டான். அவசரத்தில் லூடிவினா தன் பெயரை மட்டும் சொன்னாள். காயாத பெயிண்ட்டைப் பார்த்த மெர்லிண்டா சண்டை போடவில்லை. மாவு உருட்டும் கட்டையை எடுத்துக்கொண்டு போனவள், எங்கள் ஊர் லா பாஸ் சந்தையில் மீன் கடை போட்டாள்.

அதற்குப் பிறகுதான் செய்திமடல் ஆரம்பமானது. கடிதம் ஊருக்கு, பேச்சு மெர்லிண்டாவுக்கு. "இன்று மழை, ரொட்டி நமுத்துவிட்டது" என்று எழுதினால், "நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா" என்று அர்த்தம். இதை லூடிவினா என்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன், எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

இப்போது அன்செல்மோ. லூடிவினாவின் கணவருடைய தம்பி. வீடியோ பார்த்துப் பார்த்தே செய்திமடல் நிபுணர் ஆனவன். இவனை வில்லனாக்கத்தான் முதலில் திட்டமிட்டேன். ஆனால் என் மடிக்கணினியை இலவசமாகச் சரிசெய்து தருகிறவன் இவன்தான். நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"மனாங்," என்றான். இங்கே அக்காவும் அண்ணியும் மனாங்தான். "செத்த பேரையெல்லாம் எதுக்குச் சுமந்துகிட்டு? ஆறு மாசமா திறக்காதவங்களுக்குக் கடைசியா ஒரு கடிதம் போடுவோம். அசையலன்னா வெள்ளிக்கிழமை வெட்டிடுவோம். இல்லன்னா நம்ம கடிதம் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும்."

"உங்கண்ணன்கூடத்தான் ஆறு மாசமா நான் சொல்றத காதுல வாங்கல. அவரையும் வெட்டிடலாமா?"

"அவரு பட்டியல்லயே இல்ல மனாங்."

"மெர்லிண்டா?"

"ஒண்ணுகூட திறக்கல. முதல் வெட்டே அவங்கதான்."

லூடிவினா ரொம்ப நேரம் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பட்டியலிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டால் பேச ஆள் இல்லை. ஆனால் "இன்னும் இருக்கிறீர்களா" என்று நேருக்கு நேர் கேட்க வேறு வழியும் இல்லை. சரி, அனுப்பு என்றாள்.

3.

இந்த ஊரில் தம்போ என்று ஒன்று உண்டு. நமக்கு ஊடல் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அதைக் காதலர்களுக்கென்று பூட்டி வைத்துவிட்டோம். அவர்கள் அப்படியில்லை. தபால்காரர்கூடத் தம்போ பிடிப்பார். மனம் நொந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், நோகடித்தவர் சாப்பிட ஏதாவது கொண்டுபோய்க் கொஞ்ச வேண்டும்.

"இன்னும் இருக்கிறீர்களா? இல்லையென்றால் வெள்ளிக்கிழமை உங்களை மறந்துவிடுகிறோம்." இதை வியாபாரக் கடிதம் என்று அன்செல்மோ ஒருவன்தான் நினைத்தான்.

மறுநாள் கடை வாசலில் கூட்டம். ஒருவர் கையில் மாம்பழக் கூடை, ஒருவர் கையில் நூடுல்ஸ் சட்டி. ரொட்டிக் கடைக்காரியைச் சமாதானப்படுத்த ஒருவர் எதிர்க்கடையில் ரொட்டி வாங்கி வந்திருந்தார்.

"லூடி, நாங்க என்ன பண்ணிட்டோம்னு இவ்ளோ கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல, இது... திறப்பு விகிதம்."

"பாரு, கோவத்துல என்னென்னமோ பேசுறா!"

லூடிவினா என் எலுமிச்சை சாதத்தைத் திறந்து பார்த்து, "இது ஏன் இப்படி மஞ்சளா இருக்கு? உடம்பு சரியில்லாதவங்க சாப்புடுறதா?" என்றாள். அவமானத்தை விழுங்கினேன்.

அன்செல்மோ திரையைப் பார்த்துத் துள்ளினான். மெர்லிண்டாவைத் தவிர அத்தனை பேரும் திறந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கொண்டுவந்ததைத் தாங்களே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைந்ததால் ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

மெர்லிண்டா வரவில்லை. லூடிவினா மாம்பழக் கூடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தேம்பித் தேம்பி அழுதாள்.

4.

(இந்த இடத்தில் ஒரு புயலைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். அதற்குள் நார்மிட்டா வந்துவிட்டாள், புயல் தேவைப்படவில்லை.)

நார்மிட்டா மெர்லிண்டாவுக்குப் பக்கத்துக் கடையில் இறால் விற்பவள். மின்னஞ்சலே கிடையாது. இருந்தும் ஒரு பொட்டலம் இறாலோடு கொஞ்ச வந்திருந்தாள்.

"இண்டாய்," என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் செல்லமாகக் கூப்பிட்டாள். "உனக்கு எங்க மேல என்னடி கோவம்? வாரா வாரம் உன் கடிதத்த ஒரு வரி விடாம கேக்குறோமே!"

"யாரு படிக்கிறா?"

"மெர்லிண்டாதான். சத்தமா படிப்பா. கடை வரிசையே மீன் வெட்டுறத நிறுத்திட்டுக் கேக்கும். நீ ஏதாவது பக்குவம் எழுதிட்டா போச்சு. ‘முந்திரிய இப்படியா வறுப்பாங்க? இவ கையில கரண்டிய யாரு குடுத்தது?’ன்னு நாள் பூரா திட்டிக்கிட்டே இருப்பா. அன்னிக்கு வியாபாரமே பாக்கமாட்டா."

"பொய். அவ ஒண்ணுகூட திறக்கலன்னு இவன் சொல்றான்."

அன்செல்மோ தலையைச் சொறிந்தான். கடிதத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் போகுமாம். அது திறந்தால்தான் கடிதம் திறந்ததாகக் கணக்கு. டேட்டா மிச்சம் பிடிக்கப் படங்களை அணைத்து வைத்திருப்பவர்கள் எத்தனை முறை படித்தாலும் கணக்கில் செத்தவர்கள்தான்.

"அவ கஞ்சத்தனம் ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியலயாடா?" என்றாள் லூடிவினா. அழுத முகத்தோடு சிரித்தாள். "அவ பேர வெட்டினே, உன் கைய வெட்டிடுவேன்."

5.

லூடிவினா நேராகச் சந்தைக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்து, நானும் தூங்கப் போயிருப்பேன். ஆனால் ரோஷக்காரி. தவிர, மெர்லிண்டாவை எது அசைக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடிதத்தை அவளே எழுதினாள்.

தலைப்பு வரி: "எங்கள் பட்டர்ஸ்காட்ச் ரகசியம் — முழுக்க முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு!"

உள்ளே: "மாவு, பழுப்புச் சர்க்கரை, முட்டை, முந்திரி. கலந்து சுடவும். அவ்வளவுதான்."

அன்செல்மோ படித்துப் பார்த்துப் பதறினான். "மனாங், வெண்ணெய்?"

"அனுப்புடா."

துபாயிலும் டொராண்டோவிலும் வேலைக்குப் போன ஊர்க்காரர்களிடமிருந்து பதில்கள் கொட்டின. வெண்ணெய் எங்கே, மனாங்? ஒரு நர்ஸ், ஞாபகமறதிக்கு நல்ல டாக்டர் ஒருவரின் பெயரையே அனுப்பிவிட்டாள். திருத்தியவர்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில் ஊறியிருக்க வேண்டும். கையோடு கிறிஸ்துமஸ் பெட்டிகளுக்குச் சொல்லிவைத்தார்கள். அப்படி ஒரு வாரத்தை அந்தக் கடை பார்த்ததில்லை.

"இது என்ன உத்தி மனாங்? எந்த வீடியோவுலயும் வரலியே!"

லூடிவினா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6.

முடிவு அ: மெர்லிண்டா வெண்ணெய்ப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறாள். (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் வரவில்லை. மீன் சுற்றும் காகிதத்தில் வெண்ணெயைச் சுற்றி நார்மிட்டாவிடம் கொடுத்தனுப்புகிறாள். லூடிவினா அந்த மீன் வாசனையை முகர்ந்து —

இந்த இடத்தில் லூடிவினாவே என் பின்னால் வந்து நின்று, என்ன எழுதுகிறாய் என்றாள். சொன்னேன்.

"முடிவ எழுதாத," என்றாள். "எழுதிட்டா அவ எதுக்கு வரணும்? எதையும் முழுசா குடுத்தா அவ வாயே திறக்கமாட்டா."

ஆகவே, அவள் வெண்ணெயை விட்டதுபோல நான் முடிவை விட்டிருக்கிறேன். பெயர்ப்பலகையில் ஒரு பாதிக்கு வெள்ளையடித்தாயிற்று. என்ன எழுதட்டும் என்று பெயிண்டர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டான். கொஞ்சம் பொறு என்று லூடிவினா திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

உங்களிடம் ஓர் உதவி. லா பாஸ் சந்தைப் பக்கம் போனால், மீன் வாங்குகிற சாக்கில், "அந்தக் கதையில முடிவே இல்லையாமே!" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.