இரண்டாவது கோடு

திங்கட்கிழமை காலை அவன் பல் தேய்த்தான், பால் காய்ச்சினான், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டான்.

“இன்ஸ்பெக்டர் சார், சாம்பிள்,” என்று அவன் மனைவி பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினாள்.

ஸ்ட்ரிப்பை அதில் நனைத்து, சோப்புப்பெட்டி மூடியின்மேல் படுக்க வைத்தான்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தொடங்கிய வலிமாத்திரை அவளை விடவில்லை. அதை விடவைக்க, நாக்குக்கு அடியில் கரைக்கும் இன்னொரு மாத்திரை. அதைத் தினமும் அவளே போட்டுக்கொள்வாள். போடுகிறாளா என்று வாரம் ஒருமுறை சிறுநீரை ஸ்ட்ரிப்பில் பார்ப்பது அவன் பொறுப்பு. கிளினிக் சிஸ்டர் செய்த ஏற்பாடு. முதல் கோடு எப்போதும் வரும். மருந்து உடம்பில் இருந்தால் அத்தோடு சரி. இல்லாவிட்டால் இரண்டாவது கோடு எழும். ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

“மத்த வீட்டுல ரெண்டு கோடு வந்தா குதிப்பாங்க. இங்க வந்தா உன் மூஞ்சி தொங்கிடும்,” என்பாள் வாராவாரம். அன்று சொல்லவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

போன் அடித்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஏழாவது மாடிக்கு மேலே நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. ஸ்ட்ரிப்பை நனைத்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஒரு கோடுதான். வாராவாரம் குறிக்கும் நோட்டில் பன்னிரண்டாவது டிக்கைப் போட்டான்.

“பாஸ்,” என்றான். ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே படியிறங்கினான். பின்னாலிருந்து அவள் ஏதோ சொன்னாள். “சரி சரி,” என்றான்.

பன்னிரண்டே முக்காலுக்கு, அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் ஓனரம்மா அழைத்தாள். ஸ்டோர் ரூமில் விழுந்து கிடந்தாளாம். பக்கத்தில் காலியான பழைய வலிமாத்திரை அட்டை. ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

“சிகிச்சை மாத்திரை ஒழுங்கா எடுத்தாங்களா?” என்றார் டாக்டர். “எடுத்திருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காதே.”

அவளுடைய அண்ணன் எழுந்து நின்றான். “பாப்பா ஒரு நாள் தப்பினதில்ல சார். மாப்ள நோட்டே போட்டு வச்சிருக்கார். உங்க மருந்துலதான் ஏதோ கோளாறு. விடமாட்டேன்.” பிறகு அவன் பக்கம் திரும்பினான். “வாங்க மாப்ள, வீட்டுக்குப் போய் அந்த நோட்டை எடுத்துட்டு வருவோம். பாப்பாவுக்கு ஒரு துணியும்.”

“எந்தத் துணி?”

“எதையாவது எடுங்க. அந்தப் பச்சை.”

மச்சான் காரிலேயே இருந்தான். அவன் மட்டும் மேலே போய் வீட்டைத் திறந்தான். பீரோவைத் திறந்தான், மூடினான். பால் பாத்திரத்தைக் கழுவினான். பச்சையை எடுத்தான், வைத்துவிட்டு நீலத்தை எடுத்தான், மறுபடி பச்சை. கை பிசுபிசுத்தது. கழுவப் போனான்.

சோப்புப்பெட்டி மூடியில் ஸ்ட்ரிப் அப்படியே கிடந்தது. இரண்டு கோடு. இரண்டாவது மங்கல்தான். ஆனால் மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள்.

ஸ்ட்ரிப் டப்பாவைத் தேடி எடுத்துப் படித்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகு பார்க்கும் முடிவு செல்லாது. மூன்று முறை படித்தான். அது போதும், ஸ்ட்ரிப்பைக் குப்பைக்கூடையில் போட்டான். கூடையைப் பார்த்தபடி நின்றான். கீழே ஹாரன் அடித்தது. குனிந்து எடுத்து, நோட்டுக்குள் வைத்து மூடினான்.

காரில் ஏறியதும் மச்சான் கை நீட்டினான். “இன்னைக்கும் குறிச்சிருக்கீங்கல்ல?”

“ம்.”

“குடுங்க.”

அவன் நோட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

“மச்சான், காலையில நான் ரெண்டு நிமிஷம்தான் நின்னேன்.”

“அதனால என்ன?”

“அவ ஒண்ணு சொன்னா. நான் சரி சரின்னுட்டு இறங்கிட்டேன்.”

மச்சான் இன்ஜினை அணைத்தான். “பாப்பா என்ன சொன்னா?”

“இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகல. இருந்து பாத்துட்டுப் போ.”