சேர்க்கை

சுப்ரியா அந்த ஆஸ்பத்திரியில் பில் போடத்தான் சேர்ந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும், எல்லை தாண்டி யார் வந்தாலும் "சுப்ரியாவை விளிக்கூ" என்று கூப்பிட்டனுப்பினார்கள். படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் என்று இருந்தது ஸ்ரீவராகம் அக்ரகாரத்து வீட்டில் அம்மாவோடு பேசுவது மட்டும்தான். அதை நம்பி நோயாளிகளை ஒப்படைத்தார்கள் என்றால் அவர்கள் தைரியத்தை என்ன சொல்ல.

அன்று காலை விழிஞ்ஞத்திலிருந்து பேச்சிமுத்து என்ற கட்டடத் தொழிலாளியைக் கொண்டுவந்திருந்தார்கள். தங்கியிருந்த அறையில் நினைவில்லாமல் கிடந்தவரை, கூட வேலை பார்க்கும் உச்சிமாகாளிதான் தோளில் போட்டு ஆட்டோவுக்குத் தூக்கிவந்தார். மத்தியானம் ராதாபுரத்திலிருந்து மனைவி ஜெபமலர் வந்து சேர்ந்தாள்.

"ஆள் பிழைச்சாச்சு," என்று டாக்டர் ஹரிஷங்கர் மலையாளத்தில் சொன்னார். முதுகுவலி மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று. தனித்தனியாகப் போட்டால் லேசான தூக்கம்தான் வரும். சேர்த்துப் போட்டதால் ஒன்றின் வேகத்தை மற்றது ஏற்றிவிட்டது. "சினெர்ஜிஸ்டிக் எஃபெக்ட். மனைவிகிட்ட சொல்லிடு," என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சினெர்ஜிக்குத் தமிழில் என்ன? சுப்ரியா தலையைச் சொறிந்தாள். சேர்ந்தது, சேர்த்தது... ஆங், கிடைத்துவிட்டது.

"பயப்பட ஒண்ணும் இல்லை கேட்டோ. எல்லாம் சேர்க்கையால வந்தது. சேர்க்கை சரியில்லை, அவ்வளவுதான்."

ஜெபமலரின் முகம் இறுகியது. "நெனச்சேன்," என்றாள். நேரே வராந்தாவுக்குப் போனாள். உச்சிமாகாளி அவளுக்காக டீ வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"குடிக்கப் பழக்கினது போதும் அண்ணாச்சி. இனிமே அவர் பக்கமே வராதீங்க."

அவர் டீயை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். ஏதோ வீட்டு விவகாரம் என்று சுப்ரியா தன் கவுண்டருக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் ஜெபமலர் அங்கே வந்தாள். "எப்ப விடுவாங்க மேடம்? ஊரோட கூட்டிட்டுப் போயிடறேன். இந்தச் சேர்க்கையே வேண்டாம்."

சுப்ரியாவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அண்ணன் சுமந்த் பரீட்சையில் கோட்டை விட்டபோதெல்லாம் அம்மா சொன்னது இதே வார்த்தை அல்லவா! எப்படி மறந்து தொலைத்தாள்?

"அந்தச் சளி மாத்திரை அவருக்கு எங்க கிடைச்சது?"

"நான்தான் பையில வச்சு விட்டேன். தும்மிக்கிட்டே இருந்தாரு, பாவம்."

"முதுகுவலிக்கு?"

"அந்த அண்ணாச்சி வாங்கிக் குடுத்ததுன்னு போன்ல சொன்னாரு."

சுப்ரியா பில் புத்தகத்தை மூடி வைத்தாள். பேசாமல் இருந்தால் பழி உச்சிமாகாளி தலையில். உண்மையைச் சொன்னால் இவள் உடைந்து போவாள். இருந்தாலும், தூக்கிச் சுமந்தவரைத் துரத்த வைத்தது தன் வாய்தானே.

சொல்லிவிட்டாள். பதற்றத்தில் வீட்டுப் பேச்சே வந்தது. "தப்பு என்னுது. அவர் குடிக்கலை. நான் சொன்ன சேர்க்கை மனுஷா இல்லை, மாத்திரை. அந்த அண்ணாச்சி குடுத்ததும் நீங்க குடுத்ததும் உள்ள போய் ஒண்ணாச் சேர்ந்துடுத்து."

ஜெபமலர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப நானா?"

"ஒருத்தர் இல்லை. ரெண்டு பேரும் அவர் நன்னா இருக்கணும்னுதான் குடுத்தேள். அதுல எதுவும் தப்பில்லை. சேர்ந்ததுதான் வம்பாப் போச்சு."

ஜெபமலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுப்ரியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, பின்னாலேயே போனாள்.

உச்சிமாகாளி எங்கும் போகவில்லை. கேட்டுக்கு வெளியே ஆட்டோக்களுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"முழிச்சிட்டானா தங்கச்சி?"

ஜெபமலர் அவர் பக்கத்தில் போனாள்.

"கெட்ட சேர்க்கை நீங்க மட்டும் இல்லையாம் அண்ணாச்சி. நானும்தானாம். வாங்க, சேர்ந்தே போய்ப் பார்ப்போம்."