செலுவநாராயணன் வீட்டில் மரை விட்ட ஒன்பது நாட்கள்

1994 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, மைசூர் விஜயநகரில் செலுவநாராயணன் வீட்டிலிருந்த எல்லாத் திருகுகளும் ஒரே நேரத்தில் சுற்றுவரி மழுங்கி மரை இழந்தன. பக்கத்து வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை. செலுவநாராயணன் ரயில்வே ஊழியர். எதையும் இன்னும் ஒரு சுற்று இறுக்காமல் விட மனம் வராதவர். அவர் மூடிய குழாயை வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. அன்று தன் பழைய ஃபியட்டின் எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, காருக்கு அடியில் படுத்து, வடிதுளையின் போல்ட்டை மூடிக்கொண்டிருந்தார். போல்ட் இறுகிவிட்டது. இருந்தும் அழுத்தம் கூட்ட, ஸ்பேனரின் பிடிமேல் ஒன்றரை அடி இரும்புக் குழாயைச் செருகினார்.

காபியோடு வந்து நின்ற மனைவி அம்புஜவல்லி, "ஸாகு, போதும் விடுங்கோ," என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள்.

"ஒரே ஒரு சுத்து," என்றார் அவர்.

அந்தச் சுற்றில் மரை போயிற்று. போல்ட் நழுவி அவர் நெற்றியில் விழுந்தது. ஜாக்கி சறுக்கி இறங்கியது. செங்கல் அடுக்கி வைத்திருந்ததால் உயிர் பிழைத்தார். அவர் தவழ்ந்து வெளியே வந்தபோது அம்புஜவல்லியின் வைரத்தோடுகள் திருகாணி கழன்று காபிக்குள் விழுந்துகொண்டிருந்தன. குழாய்கள் சுவரை விட்டு வந்து, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரெல்லாம் கூடத்தில் நின்றது. உள்ளறையில் மின்விசிறி மகள் ரக்ஷாவின் கட்டில்மேல் விழுந்தது. பி.யூ.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ரக்ஷா தண்ணீர் குடிக்க எழுந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் திறந்து வைத்திருந்த புத்தகம் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. மூவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

அம்புஜவல்லி கணவர் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, உங்க கையைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு." மதியப் பேருந்திலேயே மகளை அழைத்துக்கொண்டு மேலுகோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தோடு காதில் நிற்கிறது என்று மூன்றாம் நாள் கடிதம் வந்தது.

செலுவநாராயணன் தேவராஜ மொஹல்லாவில் வாங்கிய புதுத் திருகாணிகள் கேட்டைத் தாண்டியதும் மழுங்கி ஆணிபோல ஆயின. இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர் எதையும் தொடவில்லை. கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு தூங்கினார். ஒன்பதாம் நாள், கொள்ளேகாலைச் சேர்ந்த ஆறுமுகசாமி என்ற மெக்கானிக் வந்து, காருக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது வூட்டு நோவு இல்லீங்க சார். காருக்குப் பட்ட காயமுங்க. அங்கதான் சரி பண்ணோணும்."

இருவரும் காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். கேட்டுக்கு வெளியே ஜாக்கி சறுக்காமல் நின்றது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்டவேண்டும். இரும்புத்தூள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள, ஆறுமுகசாமி மரைவெட்டியில் கிரீஸ் தடவித் திருகினார். மூன்று முறை முயன்றும் வழுக்கியது. "வலப்பக்கம் திருப்புனா கடிக்க மாட்டேங்குதுங்க," என்றவர், கேஸ் வெல்டிங் வேலைக்கென வைத்திருந்த இடப்பக்கம் திருகும் இடமரை வெட்டியை எடுத்தார். அது கடித்தது. பிறகு கடைசல் பட்டறையில் அதே இடமரையோடு செய்து வாங்கி வந்த தடித்த போல்ட்டையும் செம்பு வாஷரையும் வைத்து, ஸ்பேனரைச் செலுவநாராயணனிடமே நீட்டினார்.

"நீங்களே மூடுங்க சார்."

செலுவநாராயணன் அதை வாங்கிக்கொண்டார். மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். ஐம்பத்து நான்கு வயதில் முதன்முறையாக இன்னொருவரைக் கேட்டார்: "போதுமா?"

"போதுமுங்க."

புது ஆயில் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். ஒரு சொட்டுகூட விழவில்லை. கார் கேட்டுக்குள் நுழைந்ததும் வீட்டிலிருந்த எல்லாவற்றுக்கும் மரை திரும்பியது, எல்லாம் இடமரையாக. வியாழக்கிழமை அம்புஜவல்லியும் ரக்ஷாவும் வந்தார்கள். வாசலில் கழன்ற தோட்டை அவள் மறுபக்கம் திருகிப் பார்த்தாள், நின்றது. பிறகு சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள்.

செலுவநாராயணனின் கை பழக்கத்தில் வலப்பக்கமே போனது. அவர் இறுக்கியதெல்லாம் திறந்துகொண்டது. அதனால் மூடும் வேலை அம்புஜவல்லிக்கு வந்தது. அவள் வேண்டிய அளவுக்கு மூடினாள். 1998இல் குழாய் மாற்ற வந்த தொட்டையன் கேட்டில் நின்று, "எடக்கைத் திருகு மனைதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமென்றதும் பையை இறக்கி வைத்து, மறுபக்கமாகத் திருகத் தொடங்கினார்.